ஓர்க் குழந்தையை என்ன செய்வது? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையில் நடக்கும் அடையாளச் சண்டை

மலையடிவாரக் கிராமம் ஒன்றில் ஓர்க்குகள் என்ற கற்பனை அரக்கப் பிறவிகள் ஆடு மாடுகளைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அவற்றைத் துரத்திக்கொண்டு நான்கு பேர் ஒரு குகைக்குள் நுழைகிறார்கள். சண்டை முடிகிறது. கடைசி அறையின் கதவைத் திறந்தால் உள்ளே வாள் பிடித்தவர்கள் யாருமில்லை. மூலையில் ஒண்டிக்கொண்டு ஏழெட்டு ஓர்க் குழந்தைகள். ஆட்டத்தை நடத்துபவர் மேசையைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இப்போது என்ன செய்கிறீர்கள்?"

விதிப்புத்தகத்தில் ஓர்க்குகள் தீயவர்கள் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் இந்தக் குழந்தைகளும் தீயவர்களா? விட்டுவிட்டால் நாளைக்கு அதே கிராமத்தைக் கொளுத்த வருவார்களா? இல்லை, வேறு மாதிரி வளர்த்தால் வேறு மாதிரி ஆவார்களா? இந்த விளையாட்டை ஆடுபவர்கள் பல வருடங்களாக இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு நட்பு முறியும் அளவுக்கு வாதாடியிருக்கிறார்கள். இன்று மேசை விளையாட்டு உலகத்தில் 'அடையாள அரசியல்', 'எல்லாரையும் சேர்த்துக்கொள்வது' என்ற பெயர்களில் நடக்கும் பெரிய சண்டையின் வேர் இந்தக் குகையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. இருபது முகப் பகடையைக் கையில் தொட்டே பார்க்காதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் விளையாட்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் இருந்து வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கியது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் விளையாட்டில் ஊறியவர்கள் அவர்கள். இதில் காய் நகர்த்தி ஜெயிக்கும் வேலை இல்லை. நான்கைந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்' ஆகிக் கதையை நடத்துகிறார். "நான் சுவரேறிக் குதிக்கிறேன்" என்று நீங்கள் சொன்னால், அது முடிந்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் பேச்சும் கற்பனையும்.

உங்கள் பாத்திரம் யார் என்பதைத் தீர்மானிக்க ஒரு தாள் இருக்கும். அதில் ஆறு எண்கள்: பலம், சுறுசுறுப்பு, உடல் தாங்கும் சக்தி, அறிவு, விவேகம், கவர்ச்சி. அதே தாளில் இன்னொரு கட்டமும் உண்டு. அதில் மனிதன், அல்லது மாயக்கதைகளில் வரும் மனிதரைப் போன்ற பிறவிகளான எல்ஃப், குள்ளர், ஹாஃப்லிங் என்று ஏதாவது ஒன்றை எழுத வேண்டும். அந்தக் கட்டத்தின் தலைப்பு ஏறக்குறைய 50 வருடங்கள் 'ரேஸ்' என்றுதான் இருந்தது. அதாவது இனம்.

அந்த ஒரு சொல்லுக்காகவா இத்தனை சத்தம் என்று தோன்றும். சொல்லை விடுங்கள், அதன் பின்னால் இருந்த கணக்கைப் பார்ப்போம். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின்படி ஒரு மந்திரவாதியை உருவாக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்திரவாதிக்கு அறிவுதான் மூலதனம். புத்தகம் தரும் எண்களில் பெரியதான 15-ஐ அறிவுக்குப் போடுகிறீர்கள். நீங்கள் ஹை எல்ஃப் என்ற எல்ஃப் வகை என்றால் பிறப்பால் ஒன்று கூடும், 16 ஆகும். அதற்குப் பகடையில் 3 கூட்டிக்கொள்ளலாம். 2016-இல் வெளிவந்த ஒரு துணைப் புத்தகம் ஓர்க்காகவும் ஆடலாம் என்று அனுமதித்தது. ஆனால் ஓர்க்குக்கு அறிவில் 2 குறையும். அதே 15, 13 ஆகிவிடும். பகடையில் 1 மட்டும்தான் கூட்டலாம். இருபது முகப் பகடையில் ஓர் எண் என்பது நூற்றுக்கு 5 வாய்ப்பு. ஆக, அதே குருவிடம் அதே மந்திரத்தைப் படித்துவிட்டு வந்தாலும், ஓர்க் பெற்றோருக்குப் பிறந்த ஒரே காரணத்தால் ஒவ்வொரு முறையும் நூற்றுக்குப் பத்து வாய்ப்பு குறைவு.

பிறந்த வயிற்றை வைத்து அறிவை அளக்கும் கணக்கு தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக இருக்காது. அமெரிக்காவில் அது தோல் நிறத்தோடு சேர்ந்து வந்த கணக்கு. அங்கே ஒரு கறுப்பின இளைஞர் முதல்முறை இந்தத் தாளை நிரப்பும்போது, 'இனம்' என்ற கட்டத்துக்கு நேரே 'அறிவு: 2 குறைவு' என்று பார்த்தால் அவர் மனதில் என்ன ஓடும் என்பதைக் கற்பனை செய்வது கடினமில்லை. எழுதியவருக்கு அந்த எண்ணமே இருந்திருக்காது என்று நானும் நம்புகிறேன். ஆனால் படிப்பவருக்கு அந்த எண்ணம் வராமல் இருக்காது.

இதைவிடப் பச்சையான உதாரணம் பழைய புத்தகத்தில் இருக்கிறது. 1978-இல் வந்த விதிப்புத்தகத்தில் ஒரு போர்வீரருக்குப் பலம் 18 விழுந்துவிட்டால், அவர் மறுபடியும் நூறு வரை பகடை உருட்டி அந்தப் பலத்தை இன்னும் கூட்டிக்கொள்ளலாம். அண்ணனும் தங்கையும் ஆடுகிறார்கள், இருவரும் மனிதப் போர்வீரர்கள், அண்ணனின் பாத்திரம் ஆண், தங்கையின் பாத்திரம் பெண் என்று வைப்போம். இருவருக்குமே 18 விழுகிறது, இரண்டாவது உருட்டலில் இருவருக்குமே 90 விழுகிறது. அண்ணன் அப்படியே 90 என்று எழுதிக்கொள்ளலாம். தாக்கும்போது 2 கூடும், அடி விழுந்தால் 4 கூடும். தங்கை அழித்துவிட்டு 50 என்று எழுத வேண்டும். ஏனென்றால் மனிதப் பெண்ணுக்கு அதுதான் உச்சவரம்பு. தாக்கும்போது 1, அடிக்கு 3. ஹாஃப்லிங் பெண்ணுக்குப் பலம் 14-க்கு மேல் போகவே கூடாது. ஹாஃப்லிங் ஆணுக்கு 17 வரை அனுமதி. பெண்ணுக்குக் குறைத்ததற்கு ஈடாக வேறு எங்காவது கூட்டிக் கொடுத்தார்களா என்றால், மனிதப் பெண்ணுக்கு எங்கும் இல்லை.

யதார்த்தம் வேண்டாமா என்று கேட்டவர்கள் உண்டு. டிராகன் நெருப்பைக் கக்கும், செத்தவன் எழுந்து நடப்பான், அந்த உலகத்தில் யதார்த்தம் தேவைப்பட்ட ஒரே இடம் அந்தத் தங்கையின் தாளா? அதை விடுங்கள். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இந்த விதி காணாமல் போனது. விளையாட்டு அதனால் கெட்டுப்போகவில்லை. 'இப்போதுதான் அரசியலைக் கொண்டுவந்து விளையாட்டில் நுழைக்கிறார்கள்' என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 90-ம் 50-ம்தான் ஞாபகத்துக்கு வரும். அரசியல் 1978-லேயே அட்டவணையில் அச்சாகி இருந்தது. பெண்கள் அப்போதே இந்த விளையாட்டில் இல்லாமலும் இல்லை. இந்த விளையாட்டு பிறந்த மறு வருடமே, 1975-இல், 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' என்ற ரசிகர் இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியவர் லீ கோல்ட் என்ற பெண்மணி.

சரி, ஓர்க்குக்கு வருவோம். இந்த ஓர்க்கைப் பிரபலப்படுத்தியவர் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அவரிடமிருந்து ஹாபிட் என்ற சின்ன உருவப் பிறவியையும் எடுத்துக்கொண்டது. உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்த பிறகுதான் அது ஹாஃப்லிங் ஆனது. 1958-இல் ஒரு கடிதத்தில் டோல்கீன் ஓர்க்குகளின் தோற்றத்தை விவரித்தார். குட்டை உருவம், தட்டை மூக்கு, மங்கிய மஞ்சள் தோல். ஐரோப்பியர் கண்ணுக்கு அழகில்லாமல் தெரியும் மங்கோலிய முகத்தின் சீரழிந்த வடிவம் என்றார். இதே டோல்கீன்தான் 1938-இல் ஒரு ஜெர்மன் பதிப்பகம் 'நீங்கள் ஆரியரா' என்று கேட்டபோது கோபம் கொப்பளிக்கப் பதில் எழுதினார். நாஜிகளின் இனக் கொள்கையை வெறுத்த மனிதரின் கற்பனையிலும், அரக்கனுக்கு ஒரு முகம் வரைய வேண்டிய நேரத்தில் ஆசியாவின் முகம் வந்து உட்கார்ந்துவிட்டது. அவரைத் தூற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை. நல்லெண்ணம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

கைகாக்ஸ் விஷயம் இன்னும் கடினம். 2005-இல் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது, சரணடைந்த எதிரிகளை அறம் தவறாத வீரன் கொல்லலாமா என்ற பேச்சு வந்தது. கொல்லலாம் என்ற கட்சியில் நின்ற கைகாக்ஸ், "ஈரை விட்டால் பேன் ஆகும்" என்ற பொருளில் ஒரு பழைய வாசகத்தை மேற்கோள் காட்டினார். அது கர்னல் சிவிங்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட வாசகம். 1864-இல் கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் ஷையன், அரப்பஹோ பழங்குடியினர் தங்கியிருந்த முகாமைத் தாக்கியது அவருடைய படை. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குகையில் ஒண்டியிருந்த ஓர்க் குழந்தைகளை இப்போது மறுபடியும் நினைத்துக்கொள்ளுங்கள். 'அது வெறும் கற்பனை அரக்கன்தானே' என்ற வாதம் எனக்கு இந்த இடத்தில்தான் உடைகிறது. கற்பனை அரக்கனைக் கொல்ல நியாயம் தேடப் போனவர், நிஜ மனிதர்களைக் கொன்றவர்கள் வைத்திருந்த நியாயத்தையே கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

இந்த விமர்சனங்களை எதிர்க்கும் பழைய ஆட்டக்காரர்களின் வலியையும் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் பாதிதான். 1980-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று ஒரு பீதி பரவியது. மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் 1983-இல் இதற்கு எதிராக ஓர் அமைப்பையே தொடங்கினார். பள்ளிகளும் தேவாலயங்களும் கண்டித்தன. வகுப்பில் கேலிக்கு ஆளான, விளையாட்டு மைதானத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத பையன்களுக்கு, வாரம் ஒருமுறை கூடும் அந்த மேசைதான் அடைக்கலம். அவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருக்கிறார்கள். "எங்களையே யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, நாங்கள் யாரை ஒதுக்கினோம்?" என்று அவர்கள் கேட்கும்போது அது நடிப்பில்லை. ஒதுக்கப்பட்டவர்கள் கட்டிய வீட்டிலும் வேறு சிலருக்கு வாசல் குறுகலாக இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு நேரம் பிடிக்கிறது.

அப்புறம் 2020. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்டைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு அமெரிக்கா முழுக்கப் போராட்டம் நடந்துகொண்டிருந்த ஜூன் மாதத்தில், விளையாட்டை இப்போது நடத்தும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. (1997-இல் விளையாட்டை வாங்கியது அது, 1999-இல் அதையே ஹாஸ்ப்ரோ வாங்கிவிட்டது.) ஓர்க்குகளையும் ட்ரோ எனப்படும் கறுத்த தோல் எல்ஃப்களையும் இனி மற்றவர்களைப் போலவே நல்லதும் கெட்டதும் கலந்த சமூகங்களாகக் காட்டுவோம் என்றது. 2016-இல் வந்த ஒரு சாகசப் புத்தகத்தில் விஸ்தானி என்ற நாடோடிக் கூட்டம் குடிகாரர்களாகவும் திருடர்களாகவும் வரும். ஐரோப்பாவில் நாஜிகளால் கொன்று குவிக்கப்பட்ட ரோமா மக்களைப் பற்றிய பழைய அவதூறுகள் அப்படியே அதில் இருந்தன. அதையும் திருத்தினார்கள். அதே மாதம், இந்த நிறுவனத்தின் மேஜிக் சீட்டு விளையாட்டில் இருந்து 7 சீட்டுகளை இனவெறி உள்ளவை என்று விலக்கினார்கள். வருடக் கடைசியில் வந்த புத்தகம், பிறப்பால் வரும் கூடுதல் எண்களை விரும்பிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. ஓர்க்கின் அறிவுக் குறைவும் போனது.

2024-இல் வந்த புதிய விதிப்புத்தகத்தில் 'ரேஸ்' என்ற சொல்லே இல்லை. அதன் இடத்தில் 'ஸ்பீஷிஸ்' வந்தது. அறிவியலில் உயிரினங்களைப் பிரிக்கும் சொல். இதற்கு வந்த எதிர்ப்பில் ஒரு பகுதி வெறும் கூச்சல். ஆனால் சில கேள்விகள் நியாயமானவை. மனிதனையும் ஓர்க்கையும் வேறு வேறு உயிரினம் என்று சொல்வது, வேறு இனம் என்று சொல்வதைவிட மோசமில்லையா? இதே விளையாட்டிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் 2019-லேயே 'பரம்பரை' என்ற பொருளில் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இன்னொன்று, பாதி மனிதன் பாதி எல்ஃப், பாதி மனிதன் பாதி ஓர்க் என்ற இரண்டும் புதிய புத்தகத்தில் இல்லை. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆடலாம். 'பாதி' என்ற பெயரே இழிவு என்று சிலர் வரவேற்றார்கள். கலப்புக் குடும்பத்தில் பிறந்த வேறு சிலர், எங்களைப் போன்ற ஒரே பாத்திரத்தையும் எடுத்துவிட்டீர்களே என்று வருந்தினார்கள். இரண்டு பேருமே அடையாளத்தின் பெயரால்தான் பேசினார்கள், இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியென்றே படுகிறது.

யாரும் அதிகம் பேசாத ஒன்றையும் சொல்ல வேண்டும். புதிய புத்தகத்தில் கூடுதல் எண்கள் பிறப்பால் வருவதில்லை, உங்கள் பாத்திரம் வளர்ந்த பின்னணியில் இருந்து வருகின்றன. அறிஞராக இருந்தவர் அறிவைக் கூட்டிக்கொள்ளலாம். விவசாயியாக இருந்தவருக்குப் பலம், தாங்கும் சக்தி, விவேகம் மூன்றில்தான் கூட்ட முடியும். அறிவு அந்தப் பட்டியலில் கிடையாது. பிறப்பை எடுத்துவிட்டு அந்த நாற்காலியில் தொழிலை உட்கார வைத்துவிட்டார்கள். அடையாளங்களில் எது கண்ணை உறுத்தும், எது உறுத்தாது என்பதும் அந்த நாட்டைப் பொறுத்துதான் போலிருக்கிறது.

சொற்களை மாற்றுவதைவிட, எழுதும் கைகளை மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை அதிகம். 2022-ஆம் வருடத்தையே பாருங்கள். ஜூலையில் 'ரேடியன்ட் சிட்டடெல்' என்ற நகரத்தை மையமாக வைத்து 13 சாகசங்கள் கொண்ட ஒரு புத்தகம் வந்தது. சாகசங்களை எழுதியவர்கள் எல்லாரும் வெள்ளையர் அல்லாதவர்கள். கொல்கத்தாவில் பிறந்த மிமி மண்டல் வங்காள மண்ணின் சாயலில் ஒரு நாட்டை அதில் எழுதினார். புத்தகத்தை முன்னின்று நடத்திய இருவரில் ஒருவர் அஜித் ஜார்ஜ். ஓசூர் பக்கம் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடக்கும் சாந்தி பவன் பள்ளியை நிறுவிய ஆபிரகாம் ஜார்ஜின் மகன். அந்தப் பள்ளியிலேயே பொறுப்பில் இருந்து வேலை செய்தவர். ஒரு வருடம் முன்பு இந்தியச் சாயலில் காலகேரி என்ற பேய் நாட்டை இதே விளையாட்டுக்காக எழுதியவரும் அவர்தான். தன் ஊரைத் தெரிந்தவர் எழுதும்போது 'மர்மமான கிழக்கு' என்று எதையும் தனியாகப் பூசிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மாதமே, ஆகஸ்டில், அதே நிறுவனம் விண்வெளிச் சாகசத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதில் ஹடோஸி என்ற குரங்கு மனிதர்கள். ஒரு மந்திரவாதி அவர்களைப் பிடித்து, மருந்து கொடுத்து அறிவூட்டி, விற்பதற்காக வைத்திருந்தான். அவனுடைய சீடர்கள் அவர்களைத் தப்பிக்க வைத்தார்கள் என்று பூர்வகதை. கறுப்பின மக்களைக் குரங்கோடு ஒப்பிட்டு, கப்பலில் ஏற்றி விற்ற நாட்டில் இது அச்சுக்குப் போகும் வரை யாருக்கும் உறைக்கவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அந்தப் பகுதியை நீக்கியது. அந்த வரிகளை அச்சுக்கு முன் சரியான ஒருவர் படித்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும் வேலை. வெளியிலிருந்து ஆலோசகர்களைக் கொண்டு எல்லாவற்றையும் படித்துப் பார்க்கும் ஏற்பாட்டை அதற்குப் பிறகுதான் அறிவித்தார்கள்.

பலகை விளையாட்டுகளிலும் இதே கதைதான். 2002-இல் வந்த புவர்த்தோ ரீக்கோ விளையாட்டில், பழுப்பு நிற வட்டக் காய்களைக் கப்பலில் இருந்து இறக்கித் தோட்டங்களில் வேலைக்கு வைக்க வேண்டும். அந்தக் காய்களுக்குப் பெயர் அடிமைகள் இல்லை, 'குடியேறிகள்'. 20 வருடம் கழித்து, அடிமை முறை ஒழிந்த பிறகான 1897-க்குக் கதையை நகர்த்தி ஒரு புதிய பதிப்பு வந்தது. 2019-இல் ஆப்பிரிக்காவைப் பங்கு போடுவதைப் பற்றிய ஒரு விளையாட்டை, எதிர்ப்பு வந்ததும் வெளியிடும் முன்பே கைவிட்டார்கள்.

நிறுவனம் எதை அச்சடித்தாலும் கடைசியில் ஆட்டம் நடப்பது உங்கள் மேசையில். அங்கே உதவும் ஒரு சின்ன விஷயம் உண்டு. ஜான் ஸ்டாவ்ரோபூலோஸ் என்பவர் பரப்பிய 'எக்ஸ் கார்டு'. ஒரு துண்டுக் காகிதத்தில் பெருக்கல் குறி போட்டு மேசை நடுவே வைத்துவிடுவார்கள். கதை போகும் திசை யாருக்காவது தாங்க முடியாமல் போனால் அதைத் தொட்டால் போதும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் உட்கார்ந்து எதெல்லாம் வேண்டும், எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொள்ளும் 'செஷன் ஜீரோ'வும் இப்போது பரவலான பழக்கம். இதெல்லாம் விளையாட்டை மழுங்கடிக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. எங்கே நிற்கலாம் என்று தெரிந்தால்தான் மனிதர்கள் தைரியமாக உள்ளே போவார்கள்.

அந்தக் குகைக்கே திரும்பிப் போவோம். கதவு திறந்திருக்கிறது. மூலையில் குழந்தைகள். ஒருவர் வாளை உருவலாமா என்று யோசிக்கிறார், இன்னொருவர் கிராமத்துக்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்கிறார். இதுவரை அதிகம் பேசாத நான்காவது ஆள், குனிந்தபடியே கையை நீட்டி நடுவில் இருக்கும் காகிதத்தின் மேல் விரலை வைக்கிறார். டன்ஜன் மாஸ்டர் தலையாட்டுகிறார்.

"சரி, அந்த அறையில் யாருமில்லை. சுவரோரம் ஒரு பழைய மரப்பெட்டி மட்டும் இருக்கிறது. பூட்டு துருப்பிடித்திருக்கிறது. யார் திறக்கிறீர்கள்?"